எத்தனை வாட் வேண்டும்? கிதார் பெருக்கியில் வால்வு நிலைத்த கதை

நம் பாட்டனார் காலத்து வால்வு ரேடியோவைப் பார்த்தவர்கள் அதன் இயல்பை மறந்திருக்க மாட்டார்கள். குமிழைத் திருகியவுடன் அது பாடாது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் மெல்லச் செம்மஞ்சளாக ஒளிரும். சற்று நேரம் கழிந்த பின்னரே குரல் எழும். பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. வால்வு ரேடியோ பரணுக்குப் போயிற்று. கணிப்பொறி, தொலைபேசி, தொலைக்காட்சி என ஒவ்வொரு துறையிலிருந்தும் வால்வு விடைபெற்றது.

ஆனால் ஓரிடத்தில் அது இன்றும் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. அதுதான் மின் கிதாரின் ஒலியைப் பெருக்கும் கருவி. நம் ஊர் மைக்செட்காரர் அதனை ஆம்ப்ளிஃபயர் என்பார். நாம் பெருக்கி என்போம். கிதார் பழகும் மாணவர்கள் சிலர் இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் என்னிடம் கேட்பதுண்டு: "சார், வால்வுப் பெருக்கி ஒன்று வாங்க வேண்டும். வீட்டிலும் வாசிக்க வேண்டும், மேடையிலும் வாசிக்க வேண்டும். 5 வாட் போதுமா, 50 வாட் வேண்டுமா, 100 வாட் வேண்டுமா?"

எளிய வினாதான். ஆனால் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்த பொறியாளர்களும் இசைக் கலைஞர்களும் இதற்கு விடை காணப் பல ஆண்டுகள் போராடினார்கள். அப்போராட்டத்தில் பலர் தம் செவித்திறனையே இழந்தார்கள். அந்த வரலாற்றை அறிந்தால் விடை தானே விளங்கும்.

கேளாத வாத்தியம்

1920-களில் அமெரிக்க நடன அரங்குகளில் பித்தளை ஊதுகருவிகளும் முரசுகளும் கொண்ட பெரிய குழுக்கள் வாசித்தன. அவற்றின் நடுவே கிதாரின் ஒலி எவர் காதிலும் விழவில்லை. தாளத்திற்குத் துணை நிற்பதே அதன் வேலையாக இருந்தது.

இக்குறையைத் தீர்க்க 1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் கைகொடுத்தது. காந்தத்தைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள் அமைத்து, அதன் அருகே எஃகுத் தந்தியை அதிரச் செய்தால், சுருளில் அதே அதிர்வெண்ணுடைய மின்னழுத்தம் தோன்றும். ஜார்ஜ் போஷாம்ப் என்பவரும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் 1931-32-இல் இம்முறையில் ஒரு மின் கிதாரை உருவாக்கினர். அதன் காப்புரிமை 1937-இல் வழங்கப்பட்டது.

சுருளில் தோன்றும் மின்னழுத்தமோ மிகச் சிறிது. அதனை வைத்து ஒரு ஸ்பீக்கரை அசைக்க இயலாது. நல்வேளையாக அதற்கு வேண்டிய மற்றக் கருவிகள் அப்போது ஆயத்தமாக இருந்தன. ஃபிளெமிங் 1904-இல் இருமுனை வால்வையும், லீ டி ஃபாரஸ்ட் 1906-இல் மும்முனை வால்வையும் உருவாக்கியிருந்தனர். ரைஸ், கெல்லாக் ஆகிய இருவரும் 1925-இல் இன்றைய கூம்பு வடிவ ஸ்பீக்கருக்கு வழி வகுத்திருந்தனர்.

1936-இல் கிப்சன் நிறுவனம் ஈஎஸ் 150 என்ற மின் கிதாரை வெளியிட்டது. சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர் 1939-இல் அதனுடன் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்தார். அவர் வாசித்தபோது, கிதார் ஊதுகருவிகளுக்கு இணையாக நின்று தனி ஆவர்த்தனம் செய்தது. காசநோயால் 1942-இல் தம் 25-ஆம் வயதில் அவர் மறைந்தார். அதற்குள் மின் கிதார் தன் இடத்தைப் பிடித்துவிட்டது.

வால்வு செய்யும் வேலை

வால்வு என்பது காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாய். அதனுள் உள்ள எதிர்மின்வாய் சூடேறும்போது எலக்ட்ரான்களை வெளிவிடுகிறது. சில நூறு வோல்ட் மின்னழுத்தத்தில் உள்ள நேர்மின்வாய் அவற்றை ஈர்க்கிறது. இரண்டுக்கும் இடையே கிரிட் என்னும் கம்பி வலை உள்ளது. வலையின் மின்னழுத்தத்தைச் சிறிதளவு மாற்றினால் எலக்ட்ரான் ஓட்டம் பெரிதளவு மாறும். விரலால் திருகும் குழாய்த் திருகு, மேல்நிலைத் தொட்டி நீரின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது போன்றது இது.

இந்த ஓட்டத்திற்கு இரண்டு எல்லைகள் உண்டு. திருகை முழுவதும் மூடினால் நீர் நின்றுவிடும். அதற்குமேல் மூட முடியாது. முழுவதும் திறந்த பின் மேலும் திறக்க முடியாது. இவ்விரு எல்லைகளுக்கு உட்பட்ட வரையில்தான் வால்வு தந்தியின் அதிர்வை உள்ளவாறே பெரிதாக்கித் தரும். எல்லையைத் தாண்டினால் அலையின் மேடும் பள்ளமும் தட்டையாகிவிடும். இதனை உருத்திரிபு என்கிறோம்.

ரேடியோ கடையில் பிறந்த பெருக்கிகள்

கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் லியோ ஃபெண்டர் என்பவர் 1938-இல் ரேடியோ பழுதுபார்க்கும் கடை ஒன்றைத் தொடங்கினார். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. ஆனால் பெருக்கிகளைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்த கலைஞர்களின் குறைகளைக் கவனமாகக் கேட்டார். 1946-இல் தம் பெயரில் நிறுவனம் அமைத்தார்.

அவர் பயன்படுத்திய 6வி6, 6எல்6 முதலிய வால்வுகள் 1930-களில் ரேடியோவுக்காகவும் பொதுவான ஒலிக்கருவிகளுக்காகவும் உருவானவை. ஒரே ஒரு 6வி6 வால்வை இறுதிக் கட்டத்தில் கொண்ட சாம்ப் என்ற சிறு பெருக்கி ஏறத்தாழ 5 வாட் தந்தது. அது மாணவர்களுக்கும் வீட்டில் பழகுவோருக்கும் உரியது. 1952-இல் வந்த பாஸ்மேன் மேடைக்கு உரியது. 1950-களின் இறுதியில் அது நான்கு பத்து அங்குல ஸ்பீக்கர்களுடன் 40 வாட்டுக்கு மேல் தரும் வடிவை அடைந்தது.

வீட்டுக்குச் சிறியது, மேடைக்குப் பெரியது என்ற பாகுபாடு இவ்வாறு தொடங்கியது. ஃபெண்டரின் நோக்கம் ஒன்றே: கிதாரின் ஒலி மாசில்லாமல் அரங்கெங்கும் கேட்க வேண்டும். உருத்திரிபு அவர் கண்ணில் குறையே.

குறை குணமாகியது

கலைஞர்கள் வேறு விதமாக நினைக்கத் தொடங்கினார்கள். 1951-இல் ஐக் டர்னரின் குழுவினர் மெம்ஃபிஸ் நகருக்கு ஒலிப்பதிவுக்காகச் சென்றபோது வழியில் கிதார் பெருக்கி பழுதடைந்தது. கிழிந்த ஸ்பீக்கர் கூம்பில் காகிதத்தைத் திணித்து அதனையே பயன்படுத்தினார்கள். கரகரத்த அந்த ஒலியுடன் வெளியான 'ராக்கெட் 88' பெரும் வெற்றி பெற்றது. 1964-இல் இங்கிலாந்தில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவீஸ், தம் சிறிய பெருக்கியின் ஸ்பீக்கரைச் சவரத் தகட்டால் வேண்டுமென்றே கீறினார். பழுதானதைச் சகித்துக்கொண்ட காலம் போய், பழுதைத் தேடிச் செல்லும் காலம் வந்துவிட்டது.

இதன் காரணத்தை இயற்பியல் விளக்குகிறது. தட்டையான அலையைப் பகுத்துப் பார்த்தால், அதில் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு முதலிய மேற்சுரங்களும் இருக்கும். இரு மடங்கு என்பது மேல் ஸ்தாயியின் அதே சுரம். ஆகவே அது காதுக்கு இனிமையாக ஒட்டிக்கொள்கிறது. உயர் மடங்குகள் மிகுந்தால் ஒலி கரடுமுரடாகும். வால்வுப் பெருக்கி எல்லையை நெருங்கும்போது அலையின் முனை படிப்படியாக மழுங்குகிறது. அக்காலத்து டிரான்சிஸ்டர் பெருக்கிகளோ எல்லை வரையில் மாசற்ற ஒலி தந்து, எல்லையில் கத்தியால் வெட்டியது போல் அலையை நறுக்கின. அதனால் உயர் மேற்சுரங்கள் சட்டென்று பெருகின.

ஃபெண்டர் நிறுவனம் 1966-இல் டிரான்சிஸ்டர் பெருக்கிகளை வெளியிட்டது, அவை எடுபடவில்லை. 1973-இல் ரஸ்ஸல் ஹாம் என்ற ஒலிப்பதிவுப் பொறியாளர் மைக் பெருக்கிகளை ஆராய்ந்து, இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு அவற்றை எல்லைக்குமேல் ஓட்டும்போதுதான் தெளிவாக வெளிப்படுகிறது என்று எழுதினார். ரேடியோ கேட்பவர் எல்லைக்கு அப்பால் செல்வதில்லை. எனவே அவருக்கு வால்வை விட்டதில் நட்டமில்லை. கிதார் கலைஞர் வாழ்வதே அந்த எல்லையில்தான். வால்வு அங்கே நிலைத்ததன் மறைபொருள் இதுவே.

வாட்டுப் போட்டி

இங்கிலாந்தில் 1958-இல் வாக்ஸ் நிறுவனம் 15 வாட் பெருக்கியையும், அடுத்த ஆண்டு 30 வாட் தரும் ஏசி 30 பெருக்கியையும் வெளியிட்டது. இறுதிக் கட்டத்தில் நான்கு ஈஎல்84 வால்வுகள் கொண்ட ஏசி 30, பீட்டில்ஸ் குழுவினரால் உலகப் புகழ் பெற்றது. லண்டனில் ஹான்வெல் பகுதியில் முரசுக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962-இல் தம் பணியாளர்களுடன் ஃபெண்டரின் பாஸ்மேனை முன்மாதிரியாகக் கொண்டு ஜேடிஎம் 45 பெருக்கியை உருவாக்கினார்.

இதற்குள் ரசிகர் கூட்டம் பெருகிவிட்டது. பாடகரின் குரலை மட்டுமே அரங்க ஒலிபெருக்கி அமைப்பு ஏற்றது. கிதாரின் ஒலி கடைசி வரிசைக்குச் செல்ல வேண்டுமென்றால் மேடையிலுள்ள பெருக்கியே அதைச் சுமக்க வேண்டும். 'த ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் கேட்டதற்கிணங்க மார்ஷல் 1965-இல் 100 வாட் பெருக்கி செய்து கொடுத்தார். எட்டு ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டியைத் தூக்க முடியாமற் போகவே, நான்கு நான்காக இரு பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டன. ராக் மேடையின் அடையாளமாக இன்று நாம் காணும் அடுக்கு இவ்வாறு தோன்றியது.

அதே 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே விளையாட்டரங்கில் 55,000-க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் பீட்டில்ஸ் வாசித்தனர். அதற்கென வாக்ஸ் நிறுவனம் 100 வாட் பெருக்கிகளை அளித்திருந்தது. கூட்டத்தின் கூச்சலில் கலைஞர்களுக்கே தம் இசை கேட்கவில்லை.

இத்தோல்விக்குக் காரணம் என்ன? நம் செவி திறனை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. திறனை இரு மடங்காக்கினால் ஒலி மட்டம் 3 டெசிபல் மட்டுமே உயரும். செவிக்கு ஒலி இரு மடங்கு உரப்பாகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு திறன் வேண்டும். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு விலையிலும் எடையிலும் பெரிது, செவிக்கோ சிறிது. 100 வாட் பெருக்கி 10 வாட் பெருக்கியைப் போல் இரு மடங்கே உரப்பானது.

தொலைவும் சேர்ந்துகொள்கிறது. திறந்த வெளியில் தொலைவு பத்து மடங்கானால் ஒலி மட்டம் 20 டெசிபல் குறையும். கிதாருக்கான ஸ்பீக்கர் பலவற்றில் 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 98 டெசிபல் கிடைக்கும். 100 வாட் கொடுத்தால் 118. அதுவே 100 மீட்டருக்கு அப்பால் 78 ஆகிவிடும். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வீறிடும்போது 78 டெசிபல் எம்மாத்திரம்? பெருக்கியை 200 வாட்டாக மாற்றினாலும் அது 81 ஆகும், அவ்வளவே.

செவி கொடுத்த விலை

கடைசி வரிசையில் இருப்பவருக்குப் போதாத அந்த ஒலி, பெருக்கிக்கு முன்னால் நின்றவருக்கு நஞ்சாயிற்று. மேலும், வால்வின் இனிய உருத்திரிபைப் பெற, பெருக்கியை அதன் எல்லை வரை ஓட்ட வேண்டும். பெருக்கி பெரிதாக ஆக, எல்லையும் உயரும். ஆகவே 100 வாட் பெருக்கியை விரும்பிய ஒலியில் பாட வைப்பதென்றால், காதைப் பிளக்கும் உரப்பில் வைப்பதே வழி.

உட்செவியில் உள்ள நத்தை எலும்பில் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் உள்ளன. மிகையான ஒலியால் அவை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு, நலவாழ்வு தேசிய நிறுவனம் வகுத்த வரம்பின்படி 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம். 106 டெசிபலுக்கு 4 நிமிடம்கூட இல்லை.

பீட் டவுன்ஷெண்ட் தம் செவித்திறன் குறைந்ததையும் காதில் ஓயாமல் இரைச்சல் கேட்பதையும் வெளிப்படையாகக் கூறினார். இசைக் கலைஞர்களின் செவியைக் காக்க 1988-இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பிற்கு அவர் பொருளுதவியும் செய்தார். எரிக் கிளாப்டனும் 2018-இல் தமக்குச் செவித்திறன் குறைந்து வருவதைத் தெரிவித்தார். இசையால் வாழ்ந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை.

சிறியது திரும்பி வந்தது

ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவர்கள் உண்மையை முன்பே அறிந்திருந்தார்கள். மைக் அருகிலேயே இருக்கும்போது பெரிய பெருக்கி எதற்கு? 1970-இல் 'லைலா' இசைத்தட்டைப் பதிவு செய்தபோது கிளாப்டன் பயன்படுத்தியது, மாணவர்களுக்கென்று ஃபெண்டர் செய்த சாம்ப் பெருக்கி. 5 வாட்டின் எல்லையை எளிதில் எட்டலாம் அல்லவா?

மேடையிலும் மாற்றம் வந்தது. 1970-களில் அரங்க ஒலி அமைப்புகள் வலுப்பெற்றன. கிதார் பெருக்கியின் முன் ஒரு மைக்கை நிறுத்தி, ஒலியைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லும் பணியை அவற்றிடம் ஒப்படைத்தனர். பெருக்கியின் வேலை ஒலியின் தன்மையைத் தருவது. பரப்புவது அரங்க அமைப்பின் வேலை. இந்த வேலைப்பிரிவினை வந்தபின் மேடைக்கும் 15 முதல் 30 வாட் போதுமென்றாயிற்று.

பெரிய பெருக்கியை அடக்கி ஆளவும் வழி தேடினர். முதற்கட்ட வால்வுகளில் உருத்திரிபை உண்டாக்கி, இறுதியில் உரப்பைத் தனியாகக் குறைக்கும் திருகை மார்ஷல் 1975-இல் சேர்த்தது. திறனின் பெரும்பகுதியை மின்தடைகளில் வெப்பமாக்கி, எஞ்சியதை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டிகளும் வந்தன.

எனினும் ஒரு தடையை எந்தத் திருகாலும் நீக்க முடியாது. 1933-இல் ஃபிளெச்சர், மன்சன் ஆகிய இருவரும் காட்டியபடி, ஒலி மெல்லியதாகும்போது நம் செவி தாழ்ந்த சுரங்களைக் குறைவாகவே உணர்கிறது. மேடையில் நெஞ்சை அதிரச் செய்த ஒலி வீட்டில் சன்னமாகத் தோன்றுவது பெருக்கியின் குற்றமன்று, செவியின் இயல்பு. இதை அறியாதவர் மேலும் பெரிய பெருக்கியை வாங்கி ஏமாறுவார்.

தேர்ந்தெடுப்பது எப்படி?

இப்போது மாணவரின் வினாவுக்கு வருவோம். மேற்சொன்ன ஸ்பீக்கரில் 5 வாட் முழுவதையும் செலுத்தினால் 1 மீட்டரில் 105 டெசிபல். அமெரிக்க வரம்பின்படி 5 நிமிடத்திற்குள் நிறுத்திவிட வேண்டும். 1 வாட் என்றாலும் அரை மணிக்குள். 0.1 வாட்டுக்கு 88 டெசிபல். 4 மணி நேரம் பழகலாம். ஆகவே வீட்டுக்கு 5 வாட் என்பதே தாராளம். 1 வாட்டுக்கும் கீழே குறைக்கும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குவது நலம்.

முரசுடன் சிறு அரங்கில் வாசிக்க 15 முதல் 20 வாட் பெரும்பாலும் போதும். மாசற்ற ஒலியை உரப்பாக விரும்புவோர் மட்டும் 30, 40 வாட் வரை செல்லலாம். ஏனெனில் எல்லையைத் தொடாமல் வாசிக்க மிச்சத் திறன் வேண்டும். பெரிய மேடையில் மைக் இருக்கும். அங்கும் 100 வாட் தேவையில்லை. வாட்டைப் பார்ப்பதோடு ஸ்பீக்கரின் உணர்திறனையும் பாருங்கள். 97 டெசிபல் ஸ்பீக்கரை மாற்றி 100 டெசிபல் ஸ்பீக்கரைப் பொருத்துவது, பெருக்கியின் திறனை இரட்டிப்பதற்குச் சமம்.

பாதுகாப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். வால்வுப் பெருக்கியின் உள்ளே 300 முதல் 450 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் இருக்கும். மின்னிணைப்பைத் துண்டித்த பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். தக்க பயிற்சியில்லாதவர் பெட்டியைத் திறக்கக் கூடாது. ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வுப் பெருக்கியை இயக்கினால் இறுதி மின்மாற்றி பழுதாகலாம். அமெரிக்காவிற்கெனச் செய்த 120 வோல்ட் பெருக்கியை நம் 230 வோல்ட் இணைப்பில் நேரடியாகச் செருகக் கூடாது. எல்லாவற்றிற்கும் மேலாக, எர்த் இணைப்பு சரியாக இருக்க வேண்டும். 1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில் லெஸ் ஹார்வி என்ற கிதார் கலைஞர், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டபோது மேடையிலேயே மின்சாரம் தாக்கி உயிரிழந்தார். கிதாரின் தந்திகளைப் பற்றியிருக்கும் கை பெருக்கியின் எர்த்துடன் இணைந்திருக்கிறது என்பதை வாசிப்பவர் மறக்கலாகாது.

2012-ஆம் ஆண்டில் மார்ஷல் நிறுவனம் தன் பொன்விழாவைக் கொண்டாடியது. அவ்வாண்டு ஏப்ரலில் ஜிம் மார்ஷல் மறைந்தார். உலகுக்கு 100 வாட் அடுக்கைத் தந்த அந்நிறுவனம் பொன்விழா நினைவாக வெளியிட்ட வால்வுப் பெருக்கிகளின் திறன் எவ்வளவு தெரியுமா? 1 வாட்!

நூறு வாட்டிலிருந்து ஒரு வாட்டுக்கு வர ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. செவிக்கு அந்த இரண்டும் உரப்பில் நான்கு மடங்கே வேறுபட்டவை. எனவே பெருக்கி வாங்கச் செல்லும் மாணவர் "எத்தனை வாட்?" என்று முதலில் கேட்க வேண்டாம். "நான் வாசிக்கும் இடத்தில், என் செவிக்கும் பிறர் செவிக்கும் ஊறு செய்யாத உரப்பில், இது தன் எல்லையைத் தொடுமா?" என்று கேட்கட்டும். பழுதான வால்வை மாற்றிக்கொள்ளலாம். நத்தை எலும்பின் செல்களுக்கு மாற்று எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.